பெரணிச் செடிகளை இனம் பிரிப்பது எப்படி? கேள்வி பதில்

வறண்ட ராமநாதபுரம் சீமையில் பெரணி (ஃபெர்ன்) ஏது என்பார்கள். கண்மாய்க்கும் பழைய கிணற்றடிக்கும் போனால் கிடைக்கும். வந்த கேள்விகளில் சில:

கண்மாய்க்கரையில் பறித்ததை நான் ஆரைக்கீரை என்கிறேன், மாமியார் புளியாரை என்கிறார். எது சரி? (திருவாடானை)

இலையை எண்ணுங்கள், அக்கா. காம்பு நுனியில் நாலு சிற்றிலை இருந்தால் ஆரை. மூன்றே இருந்து, ஒவ்வொன்றும் நுனியில் பிளந்திருந்தால் புளியாரை. அது மஞ்சளாகப் பூக்கும், வாயில் போட்டால் புளிக்கும். ஆரை பூக்கவே பூக்காது, ஏனென்றால் அது பெரணி.

சந்தேகம் தீரவில்லையா? செடியை வேரோடு பிடுங்கி அலசுங்கள். ஆரையாக இருந்தால் காம்படியில் பயறைவிடச் சிறிய, கெட்டியான கொட்டைகள் இருக்கும். ஸ்போர்கள், அதாவது பெரணி விதைக்குப் பதிலாகப் பரப்பும் நுண்துகள்கள், அதற்குள்தான். கண்மாய் வற்றி வெடித்தாலும் அவை வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். முற்றிய கொட்டை ஒன்றின் ஓரத்தை பிளேடால் லேசாகக் கீறித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வழவழவென்று ஒரு ஜெல்லி நாடா நீண்டு வெளியே வரும். ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாயில் நடப்பதும் இதுதான்.

அப்படியானால் அந்த ஆரை மார்சிலியா பேரினத்தில் குவாட்ரிஃபோலியாவா, மினூட்டாவா? (அதே வீட்டு மகள், கல்லூரி மாணவி)

நம் பக்கம் பரவலாக இருப்பது மினூட்டா. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதேம்மா. ஒரே செடியின் இலை தண்ணீரில் மிதக்கும்போது ஒரு மாதிரி, சேற்றில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கும். கொட்டையை லென்ஸில் பார். காம்பு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கூரான பல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் மினூட்டா.

பழைய சுண்ணாம்புச் சுவர் வெடிப்பில் முளைப்பதும், நர்சரியில் தொட்டியில் விற்பதும் ஒன்றா? (கீழக்கரை)

பார்க்க ஒரே ஜாடைதான், ஆனால் வேறு வேறு. சுவரில் வருவது பெரும்பாலும் டெரிஸ் விட்டாட்டா, அதற்குச் சுண்ணாம்பு பிடிக்கும். தொட்டியில் இருப்பது நெஃப்ரோலெப்பிஸ். இலையைத் திருப்புங்கள். டெரிஸில் சிற்றிலையின் ஓரம் மடங்கி, அதன் கீழே ஸ்போர்கள் ஒரே கோடாக ஓடும். நெஃப்ரோலெப்பிஸில் தனித்தனிப் புள்ளிகள், ஒவ்வொன்றின் மேலும் சின்ன மூடி. இந்த டெரிஸ் மண்ணிலுள்ள ஆர்செனிக் என்ற நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். ஆட்டுக்குப் போட வேண்டாம்.

பூச்செண்டில் வைக்கும் மெல்லிய பச்சை இலையும் பெரணிதானே? (பாம்பன்)

இல்லை. கடைக்காரர் ஃபெர்ன் என்பார். அது அஸ்பராகஸ், தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தம். பூத்துக் காய்க்கும்.

உப்புத் தண்ணீரில் பெரணி வளரவே வளராது என்கிறான் நண்பன். (தொண்டி)

முக்கால்வாசி சரி. விதிவிலக்கு அக்ரோஸ்டிக்கம் ஆரியம். வெப்பமண்டல அலையாத்திக் காடுகளில் ஆளுயரத்துக்கும் மேல் வளரும். அதில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. மேல்பக்கத்துச் சிற்றிலைகளின் அடிப்புறம் முழுக்கத் துருப்பிடித்த தகரம் மாதிரி ஸ்போர் அப்பியிருக்கும். படம் எடுத்தால் அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள், தம்பி. மேல்பக்கப் படத்தை மட்டும் வைத்து என்னால் பெயர் சொல்ல முடியாது.