பதினைந்தாயிரம் ரூபாய் 'கையேடு' உங்களுக்கு எதற்கு?

கேள்வி: தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிந்து மூன்று வருடம் ஆகிறது. தண்டையார்பேட்டையில் ஒருவர், பதினைந்தாயிரம் கொடுத்தால் கையேடு தந்து வரிசையிலும் முன்னே கொண்டுவருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். எதைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பணத்தை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் அம்மா. இப்படிப்பட்ட 'கையேடு' ஒன்று என் மேஜைக்கும் வந்தது. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டிருந்தார்கள். நான்கு பக்கம் தலைகீழ். அதே விதிகள் காரா தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. வரிசை பதிவு மூப்புப்படி கம்ப்யூட்டரில் நகர்வது. எந்த அண்ணனும் தள்ளிவிட முடியாது.

இவர்களின் அடுத்த பேச்சு எனக்கு மனப்பாடம்: "பிரசவ வார்டிலேயே ஆள் இருக்கு, பிறப்புச் சான்றிதழே உங்க பேர்ல." குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல். வளர்த்த குழந்தையையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

சரி, படிப்பு. குழந்தையின் விவரம் வரும்போது இரண்டு அறிக்கைகள் வரும். ஒன்று மருத்துவ அறிக்கை, மற்றொன்று குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கை. உண்மையில் படிக்க வேண்டியவை இவைதான். குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம்தான் அவகாசம். வருடக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, இரண்டே நாளில் ஆங்கில அறிக்கையைப் புரிந்துகொள்ளச் சொல்கிறார்கள், என்ன நியாயமோ! அதனால் ஒரு குழந்தை மருத்துவரிடம் இப்போதே பேசி வையுங்கள். உங்கள் விருப்பப்படி மருத்துவரிடம் காட்ட விதியே இடம் தருகிறது. அறிக்கையில் எடை, தலைச் சுற்றளவு என்று எண்கள் இருக்கும். ஒரு தடவை அளந்ததை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். மாதா மாதம் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

உறவுக்குள் தத்தெடுப்பதற்கு இந்த வரிசை கிடையாது. ஆனால் 'உறவு' என்றால் சிறார் நீதிச் சட்டத்தில் கணக்கு வேறு. குழந்தைக்கு நீங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி, இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுவிட்ட அக்காவின் பிள்ளை, ஓரகத்தியின் தங்கை பிள்ளை எல்லாம் இதில் வராது. "சொந்தம்தானே சார்" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார்கள். சொந்தம்தான், பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்தாலும் தளத்தில் பதிய வேண்டும், பெற்றவர்களின் சம்மதம் வேண்டும், கலெக்டர் ஆணை வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி சீல் குத்திக்கொண்டு வராதீர்கள்.

ஆய்வறிக்கையில் குழந்தை எப்படி இல்லத்துக்கு வந்தது என்று சில வரிகள் இருக்கும். அதை நகலெடுத்து வையுங்கள். நாளை குழந்தை "நான் எங்கிருந்து வந்தேன்?" என்று கேட்கும்போது உங்களிடம் இருப்பது அந்தத் தாள்தான். அந்தத் தண்டையார்பேட்டை மனிதர் மறுபடி கதவைத் தட்டினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள்.