தூண்டிலில் சிக்கிய மீனைக் கோரி எடுக்கும் மரவளைய வலையைக் கையால் செய்வது எப்படி?

தாமிரபரணிக் கால்வாய்க்கும் குளத்துக்கும் 30 செ.மீ. வளையம் தாராளம். கவட்டையாகப் பிரியும் பச்சைப் புளியங்கொப்பு ஒன்று தேடுங்கள்: கைப்பிடியாகும் காம்பு பெருவிரல் தடிமன், வளையமாகும் இரண்டு விளாரும் (கிளைகளும்) சுண்டுவிரல் தடிமன், ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம். விளாரில் கணு இருந்தால் வளைக்கும்போது அங்கேதான் முறியும். வேறு கொப்பு பாருங்கள்.

வெட்டிய அன்றே பட்டையைச் சீவி, 30 செ.மீ. வாயுள்ள வாளியைச் சுற்றி மெல்ல வளைத்துக் கட்டி, நிழலில் மூன்று வாரம் போடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்தபின் இரு நுனிகளையும் 6 செ.மீ. நீளத்துக்குச் சரிவாகச் சீவி, பொருத்தி ஒட்டி, நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றுங்கள். சரிவு குட்டையானால் பெரிய கட்லா ஒரு துள்ளு துள்ளினாலே இணைப்பு விட்டுப்போகும்.

வலைக்கு 1.5 செ.மீ. அகல மூங்கில் சிம்பை அளவாக வைத்து, 44 கண்ணில் தொடங்கிச் சுற்றிப் பின்னுங்கள். அடியில் இரண்டிரண்டு கண்ணாகச் சேர்த்துக் குறைக்கலாம். வளையத்தின் வெளிப்பக்கம் மெல்லிய காடி (பள்ளம்) செதுக்கி, வலையை வளையத்தோடு கட்டும் நூலை அதற்குள் பதியுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. கல்லில் உரசி முதலில் அறுவது அந்த நூல்தான்.

வளையத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசலாம். தோலில் பட்டால் புண்ணாகும், அதனால் கைப்பிடிக்கு வேண்டாம்.