புது பிஸ்டல், வெளுத்த ரெயில்: கேள்வி பதில்

புது பிஸ்டல் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது நான்தான், தப்பு என்னுடையது. முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: ரெயில் வெளுத்தால் துப்பாக்கி போச்சா? பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாகம் ஃப்ரேம், அதன் மேல் முன்னும் பின்னும் ஓடுவது ஸ்லைடு, அது ஓடும் தண்டவாளம்தான் ரெயில். கோயம்புத்தூர் லேத் பட்டறையில் வளர்ந்தவன் நான், இப்போது ஹூஸ்டன் பக்கம். பதினைந்து வருடமாகச் சுடுகிறேன், நண்பர்களின் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டித் தருகிறேன், அவ்வளவுதான் தகுதி. ஆரம்பிக்கும் முன் ஒன்று: தோட்டா அடுக்கிய மேகசினை முதலில் உருவுங்கள், அப்புறம்தான் ஸ்லைடை இழுக்க வேண்டும். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். வரிசையை மாற்றினால் அடுத்த தோட்டா சத்தமில்லாமல் உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும்.

டல்லஸிலிருந்து: அண்ணா, புது சிக் பி226 பிஸ்டல் வாங்கி 300 ரவுண்டுதான் (300 தோட்டா) சுட்டிருக்கிறேன். ஃப்ரேம் ரெயிலின் முன்பக்கம் கருப்பு போய் வெள்ளி மாதிரி மின்னுகிறது. ஃப்ரேம் போச்சா?

போகவில்லை தம்பி. அந்த ஃப்ரேம் அலுமினியம், மேலே ஓடும் ஸ்லைடு எஃகு. கருப்பாக இருந்தது பெயின்ட் இல்லை, அலுமினியத்தின் மேல்தோலையே ஆக்சைடாக மாற்றி அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றியது, அனோடைஸிங் என்பார்கள். எந்த ரெயிலும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்காது, அங்கங்கே மயிரிழை மேடு இருக்கும், ஸ்லைடு முதலில் அந்த மேடுகளில்தான் உரசும். கொஞ்சம் இடத்தில் மொத்த அழுத்தமும் விழுவதால் அங்கே தோல் சீக்கிரம் போகிறது. மேடு படியப் படிய உரசும் பரப்பு அகலமாகும், அழுத்தம் பரவும், தேய்மானம் தானாகக் குறையும். புதுச் செருப்பு காலுக்குப் படிவது மாதிரிதான். அதனால் முதல் 500 ரவுண்டில் தெரிவதை வைத்து அடுத்த 5000க்குக் கணக்குப் போடாதீர்கள்.

பார்க்க வேண்டியது நிறத்தை இல்லை. துடைத்துவிட்டு வெளுத்த இடத்தின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிப் போனால் அது வெறும் பளபளப்பு. நகம் மாட்டினால், விளிம்பில் பிசிறு எழுந்திருந்தால், துடைத்த துணியில் மினுமினுவென்று உலோகத் துகள் ஒட்டினால், அது உலோகம் நகர்ந்த அடையாளம், அப்போது சுடுவதை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். இன்னொன்று: வலது ரெயிலும் இடது ரெயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். எங்கே உரசுகிறது என்று பார்க்க சுலபமான வழி, ரெயில் முழுக்கக் கருப்பு மார்க்கர் பேனாவால் பூசி, காலித் துப்பாக்கியில் ஐம்பது தடவை ஸ்லைடைக் கையால் இழுத்து விட்டு, கழற்றிப் பாருங்கள். மை போன இடம்தான் மேடு.

ஆஸ்டினிலிருந்து, மெட்டீரியல் எஞ்சினியர் என்கிறார்: அலுமினியம் ஆக்சைடு எஃகைவிடக் கடினம், நீலக்கல்லும் அதே பொருள்தான். அப்படியென்றால் ஸ்லைடுதான் தேய வேண்டும். ஃப்ரேம் வெளுக்கிறது என்றால் பூச்சு மட்டம். நீங்கள் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

சார், பாதி சரி. ஆக்சைடு கடினம்தான், நீலக்கல்லாக இருந்தால் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 9, அனோடைஸிங் தோல் அந்த அளவு வராது. அதோடு கனமான ஹார்டு அனோடைஸிங்கே சுமார் 50 மைக்ரான்தான் வரும், நம் தலைமுடிக் கனம்கூடத் தேறாது. அதற்குக் கீழே இருப்பது மெத்தென்ற அலுமினியம். மெத்தை மேல் கண்ணாடித் தகடு வைத்து ஏறி நின்றால் கண்ணாடியின் கடினம் யாருக்கு உதவும்? மேட்டில் அழுத்தம் விழும்போது அடியில் இருப்பது அமுங்குகிறது, மேல்தோல் நொறுங்குகிறது.

உங்கள் வாதத்தில் நான் தலை வணங்கும் இடம் ஒன்று உண்டு, அதை நீங்களே சொல்லவில்லை. நொறுங்கிய அந்த ஆக்சைடுத் துகள் எஃகையே அறுக்கும். அது எண்ணெயோடு கலந்தால் கருப்புக் கூழாகி, உப்புத்தாள் வேலை பார்க்கும். அதனால்தான் முதல் 200 ரவுண்டுக்குள் ஒரு தடவை முழுசாகத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் போடச் சொல்கிறேன்.

அவரே மறுபடி: அப்படியானால் மணல் கலந்த தேய்ப்பு பேஸ்ட் போட்டு நாமே தேய்த்துச் சமன் செய்துவிடலாமே, 500 ரவுண்டுக்கு ஏன் செலவு?

கூடாது, கூடாது, கூடாது. நான் அதைச் செய்தவன். வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவி, கெட்டிக்காரன் என்ற நினைப்பில் ஒரு சாயங்காலம் முழுக்க இழுத்து இழுத்துத் தேய்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது, சந்தோஷம். ஆனால் அந்த மணல் அலுமினியத்துக்குள் புதைந்து உட்கார்ந்துவிடும், கழுவினாலும் முழுசாகப் போகாது. அதன்பின் ஒவ்வொரு குண்டுக்கும் அது ஸ்லைடைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. ஆயிரம் ரவுண்டில் ஆட்டம் கண்டுவிட்டது. லேத்தில் கை பழகியவனுக்கே அந்தக் கதி.

மினியாபொலிஸிலிருந்து: ரெயிலுக்கு கிரீஸா எண்ணெயா? டெக்சாஸ்காரர்கள் கிரீஸ் என்கிறார்கள். எனக்கு ஜனவரியில் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிட்டது.

வழுக்கும் இடத்துக்கு கிரீஸ், சுழலும் இடத்துக்கு எண்ணெய் என்று இங்கே சொல்வார்கள், வெயில் ஊருக்குச் சரி. உங்கள் குளிரில் சாதா கிரீஸ் மெழுகாகிவிடும். குளிர் முடியும் வரை மெல்லிய சிந்தெடிக் எண்ணெய் போடுங்கள். அளவு முக்கியம்: ரெயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு, விரலால் இழுத்துவிட்டால் ஈரப்பசை தெரிய வேண்டும், வழியக்கூடாது.

டெக்சாஸின் கேடி ஊரிலிருந்து: தேங்காய் எண்ணெய் போடலாமா? வீட்டில் அதுதான் இருக்கிறது.

தலைக்குப் போடுங்கள். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ தேவலை. அதே மூச்சில் டபிள்யூடி-40 பற்றிக் கேட்ட நாலு பேருக்கும்: அது ஈரத்தை விரட்டத்தான், ரெயிலில் நிற்காது.

அட்லாண்டாவிலிருந்து: புது க்ளாக் 19 உள்ளே செம்பு நிறத்தில் ஏதோ பிசுபிசுப்பு இருந்தது. அழுக்கென்று பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டேன்.

ஐயோ. அது கம்பெனியே தடவி அனுப்பும் கிரீஸ், புதுசில் துடைக்க வேண்டாம் என்று கையேட்டிலேயே இருக்கும். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, எண்ணெய் போட்டுச் சுடுங்கள். பிரேக் கிளீனரை மட்டும் ப்ளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். க்ளாக்கில் முழு நீள ரெயிலே கிடையாது, ப்ளாஸ்டிக்குக்குள் புதைத்த நாலு எஃகுத் துண்டுகள்தான், அவை மின்னினால் கவலையே வேண்டாம்.

பீனிக்ஸிலிருந்து: சிஇசட் 75 எஃகு ஃப்ரேம். அதிலும் ரெயிலில் பூச்சு போகிறதே?

போகட்டும். எஃகு மேல் எஃகு, மேலே இருந்தது வெறும் பெயின்ட். அதில் ஸ்லைடு ஃப்ரேமுக்கு உள்ளே ஓடும், பெரும்பாலான மற்ற பிஸ்டல்களில் வெளியே. பாலைவன மணல் அந்த இடுக்கில் தங்கும், பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சியாட்டிலிலிருந்து: ரெயில் தேய்ந்தால் குறி தவறுமா?

நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பேரல், அதாவது குழல், ஒவ்வொரு தடவையும் ஸ்லைடோடு ஒரே மாதிரி வந்து பூட்டுகிறதா என்பதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் குறி பார்க்கும் முள் இருப்பதும் ஸ்லைடில்தான். ஃப்ரேமைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ரெயிலை முறைப்பதை விட்டுவிட்டு, பின்னால் போன ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். அது தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் போய் ஃப்ரேமைச் சுத்தியல் மாதிரி அடிக்கும். கையேட்டில் போட்டிருக்கும் ரவுண்டுக் கணக்கில் மாற்றுங்கள், பல துப்பாக்கிகளுக்கு அது 3000 முதல் 5000க்குள் வரும். சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு ஸ்பிரிங் வாங்கிவிடலாம், புது ஃப்ரேம் அப்படி வராது.

நியூ ஜெர்சியிலிருந்து: ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். எந்த பிஸ்டலில் ரெயில் நீண்ட நாள் உழைக்கும், எது வாங்கலாம்?

முதலில் வாங்கலாமா என்று கேளுங்கள். ஹெச்1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. வக்கீலிடம் போங்கள், என் பேச்சை நம்பி கிரீன் கார்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மதுரையிலிருந்து: லைசென்ஸ் எப்படி வாங்குவது?

என் துறை இல்லை. கமிஷனர் இருக்கும் ஊரில் கமிஷனர் அலுவலகம், மற்ற இடங்களில் கலெக்டர் அலுவலகம்.

சான் அன்டோனியோவிலிருந்து: ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஃப்ரேமைப் போட்டேன், கருப்பு சாம்பல் நிறமாகிவிட்டது.

காரத்தன்மை (ஆல்கலி) உள்ள சோப்புத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். காரம் அனோடைஸிங்கைத் தின்னும். எஃகுப் பாகங்களை மட்டும் அதில் போடுங்கள். போன நிறம் வராது.

ஆர்லாண்டோ, சிகாகோ, மறுபடி டல்லஸ்: எனக்கும் வெள்ளையாகத் தெரிகிறது...

மேலே படியுங்கள். நகம். மேகசினை உருவிவிட்டு, சேம்பரைப் பார்த்துவிட்டு, நகம். முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கருப்பில் ஈயம் இருக்கிறது. வெள்ளை ரெயில் படம் இனி அனுப்பினால், நகம் மாட்டிய இடத்தைக் காட்டும் படமாக இருக்கட்டும்.