அம்மாவுக்கு ஷாக் ட்ரீட்மென்ட்... கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. மூன்று மாதமாகக் கடுமையான மனச்சோர்வு. "குடலே அழுகிப்போச்சு, எனக்கு எதுக்குச் சோறு?" என்று சாப்பிட மறுக்கிறார். மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. இப்போது தண்ணீர் குடிக்க வைப்பதே பெரும் பாடு. டாக்டர் மின்னதிர்வு சிகிச்சை தரலாம் என்கிறார். அண்ணனோ, "கட்டிப்போட்டு கரண்ட் வைப்பாங்க. நீ கையெழுத்துப் போட்டா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்கிறார். என்ன செய்வது டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அம்மா தண்ணீர் குடிக்காததுதான். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும். அதுவரை பட்டினியை இந்த வயது உடம்பு தாங்காது. குடல் அழுகிவிட்டது என்று நம்பும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வுக்கு, மின்னதிர்வு சிகிச்சை அளவுக்குச் சீக்கிரமாகக் கேட்கும் சிகிச்சை வேறு இல்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரியான யோசனை என்றே நினைக்கிறேன்.

அண்ணனைக் கோபிக்காதீர்கள். தலையில் மின்சாரம் கொடுத்து ஒரு வலிப்பை வரவழைப்பதுதான் இந்தச் சிகிச்சை. 1938-ல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற டாக்டர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. சினிமா இன்னும் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

இப்போது எப்படி நடக்கிறது? காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். பல்செட் இருந்தால் கழற்றிவிடுவோம். கையில் ஊசி போட்டதும் தூங்கிவிடுவார். பல இடங்களில் ஒரு கணுக்காலுக்கு மேலே பிபி பார்க்கும் பட்டையை இறுக்கிவிட்டு, அதன் பிறகே தசை தளர்த்தும் மருந்தைப் போடுவார்கள். பட்டை தடுப்பதால் அந்த மருந்து அந்தப் பாதத்தை எட்டாது. சில விநாடி மின்சாரம் கொடுத்ததும் தாடை ஒரு கணம் இறுகும். அதற்காகவே பல்லுக்கிடையில் மெத்தென்று ஒரு கட்டை வைத்திருப்போம். உடம்பு ஏறக்குறைய அசையாமல் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். அதையும் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜியையும் பார்த்துத்தான் வலிப்பு எத்தனை விநாடி நீடித்தது என்று கணக்கிடுவோம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கண் விழிப்பார். வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை, மொத்தம் 6 முதல் 12 வரை தேவைப்படலாம்.

மறதி வரும், அதை மறைக்க மாட்டேன். விழித்ததும் கொஞ்சம் குழம்புவார். சிகிச்சை நடக்கும் வாரங்களிலும் அதற்குச் சற்று முன்பும் நடந்தவை நினைவில் இல்லாமல் போகலாம். பெரும்பாலும் மெல்லத் தெளியும்; சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதில்லை. அதனால் அந்த நாட்களில் பத்திரம், பேங்க் விஷயம் எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டாம்.

அப்புறம், அம்மாவால் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடியுமென்றால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான். முடியாத நிலையில்தான் உங்கள் கையெழுத்துக்கு வேலை. குணமானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் பலருக்கு மறுபடி வந்துவிடுகிறது.

நாளைக்கே அண்ணனையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். இதயம், பிபி பரிசோதனை முடிந்ததா, மயக்க மருந்து நிபுணர் உடன் இருப்பாரா என்று அண்ணனே கேட்கட்டும். அதற்குள் தண்ணீரும் அடியோடு நின்றுவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.