அட்டையிலேயே பாட்டு கேட்க வேண்டும்: மாற்று இசை இதழின் அட்டை பற்றிக் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் சிலர், சினிமாவுக்கு வெளியே பிறக்கும் இசைக்காக ஓர் இதழ் கொண்டுவருகிறார்கள். மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டையும் கிதாரையும் சேர்த்துப் பார்க்கும் புது முயற்சிகள்தான் முதல் இதழின் பொருள். பல வருடங்களாகப் பத்திரிகை அட்டைகள் செய்துவருகிறேன் என்பதால் என்னிடம் கேள்விகளை அனுப்பியிருந்தார்கள்.

அண்ணே, அட்டையில கிதார் படம் போடலாம்னு இருக்கோம். நல்லா இருக்குமா? (மண்டபம்)

வேண்டாம் தம்பி. கிதாரைப் பார்த்தால் இசை இதழ் என்று தெரியும். எந்தக் கரையின் இசை என்று தெரியாது. கரைவலை இழுக்கிற இடத்துக்கு விடியற்காலையில் போய் நில்லுங்கள். வடம் இறுகும்போது முறுக்குக்குள் இருக்கிற தண்ணீர் பிதுங்கித் தெறிக்கும். பிரிகளுக்கு நடுவே மணல் ஒட்டியிருக்கும். ஒரு முழம் தள்ளி நின்று, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்த வடத்தை மட்டும் எடுங்கள். அட்டையில் மூலைக்கு மூலை ஒற்றை வடம், வேறொன்றும் வேண்டாம். இறுகிய கம்பி மாதிரியும் இருக்கும், இழுப்பவர்களின் மூச்சும் தெரியும். அம்பாவின் தாளமே அந்த இழுப்பிலிருந்துதானே வருகிறது.

பாம்பன் பாலம் வேணாமா? நம்ம ஊர்னு சட்டுனு தெரியுமே. (பாம்பன்)

1914-இல் திறந்த பழைய பாலம், 2025-இல் திறந்த புதுப் பாலம் இரண்டுமே காலண்டரில் தொங்குகின்றன. உள்ளே பாலத்தைப் பற்றி ஒரு பாட்டோ கட்டுரையோ இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் அது சுற்றுலா அட்டை.

தனுஷ்கோடிக் கடல் திரையில அவ்வளவு நீலமா இருக்கு. அச்சுல செத்துப்போகுதே, ஏன்? (ராமேஸ்வரம்)

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது. ஒளி தரும் பளிச்சென்ற நீலம் முழுவதும் மைக்குள் அடங்காது. ஒரு முறை ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளி முறை) கோப்பை மாற்றாமலே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். கட்டுக் கட்டாக வந்த அட்டைகளில் கடல் சிலேட்டு நிறமாக இருந்தது. அந்த வலி இன்னும் மறக்கவில்லை. ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கே-வுக்கு (அச்சின் நான்கு மை முறைக்கு) மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள், ஏமாற்றம் திரையிலேயே முடிந்துவிடும். நீலத்தில் சயானும் (பச்சை கலந்த நீல மை) மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு மை) சமமாக ஏறினால் ஊதா அடிக்கும். மெஜந்தாவைச் சயானைவிட 30 சதவீதப் புள்ளியாவது குறைத்து வையுங்கள். தாளும் முக்கியம். பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கவைக்கும், பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் நிறம் மேலேயே நிற்கும்.

இதழ் பெயரைத் தமிழ்ல எழுதினா பழைய பத்திரிகை மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்? (தொண்டி)

குறை தமிழில் இல்லை, எழுத்துருவை அப்படியே தட்டி வைப்பதில் இருக்கிறது. கேட்டமரன், முக்தா மலர், பாலு தம்பி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒன்றை அடித்தளமாக வைத்துக்கொண்டு, பெயரைக் கையால் வரைந்து பாருங்கள். ஆங்கில எழுத்தை அகட்டுவது போலத் தமிழை அகட்டாதீர்கள். ‘கொ’ என்பதில் கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று துண்டு. இடைவெளியை ஏற்றினால் மூன்றும் மூன்று திசைக்குப் போய்விடும். மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகர வாலும் இருப்பதால் வரிக்கு வரி இடமும் கூடுதலாக வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சுக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

எழுத்தை உடைச்சுக் கலைச்சுப் போட்டாத்தானே மாற்று இசை? (கீழக்கரை)

அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய ரே கன் என்ற இசை இதழில் அதன் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் அப்படித்தான் செய்தார். ஒரு பேட்டி சலிப்பாக இருந்தது என்று முழுவதையும் எழுத்தே இல்லாமல் குறிகள் மட்டும் உள்ள எழுத்துருவில் போட்டார். ஆனால் அது உள்பக்கம். அதே இதழின் கடைசியில் படிக்கக்கூடிய வடிவமும் இருந்தது. உங்களுடையது முதல் இதழ், பெயரே யாருக்கும் தெரியாது. பெயரை மட்டும் பஸ் ஸ்டாண்டு கடையில் பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி வையுங்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் உடையுங்கள்.

நாலு கலருக்குக் காசு இல்லண்ணே. (சாயல்குடி)

கலர் தாளில் கறுப்பு மை மட்டும் அடியுங்கள், ஒரே அச்சுத் தகட்டோடு முடியும். லண்டனில் 1976-இல் மார்க் பெர்ரி ஸ்னிஃபின் குளூ என்ற பங்க் இதழைத் தட்டச்சு செய்து, தலைப்பைப் பேனாவால் எழுதி, நகலெடுத்தே பரப்பினார். பனை ஓலையின் நரம்பையும் வலைக்கண்ணியையும் நகல் இயந்திரக் கண்ணாடியில் நேரே வைத்து எடுத்துப் பாருங்கள். அந்தக் கரகரப்பு எந்த மென்பொருளிலும் வராது.

கடல்ல பாசி எடுக்கிற அம்மா ஒருத்தங்க படம் வெச்சிருக்கேன். பாடுறப்ப எடுத்தது. அட்டைக்குப் போடவா? (மண்டபத்திலிருந்து ஒரு தங்கை)

அவர்களிடமே போய் அச்சு எடுத்துக் காட்டிக் கேள் அம்மா. வேண்டாம் என்றால் விட்டுவிடு. சரி என்றால், முகத்தைவிட பாசி எடுக்கத் துணி சுற்றிய அவர் விரல்களை நெருக்கமாக எடுக்கலாமா என்றும் கேட்டுப் பார். உள்ளே அவர் பெயரும் அவர் பாடிய வரியும் வரட்டும்.

அச்சகத்துக்கு என்ன அளவுல அனுப்பணும்? (ஏர்வாடி)

ஏ4 என்றால் 210-க்கு 297 மில்லிமீட்டர். வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மி.மீ. சேர்த்து 216-க்கு 303. படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். பின் அடித்துக் கட்டுவதென்றால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அதற்கு முன் அட்டையை ஒரு பிரதி எடுத்து, ஏதாவது ஒரு பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிப் பாருங்கள். இதழின் பெயரை கிளிப் மறைத்தால் ஒரு விரற்கடை கீழே இறக்குங்கள்.