மெத்தையை மாற்றினால் தூக்கம் வருமா?

கேள்வி: 12 ஆண்டுகளுக்கு முன் சீர்வரிசையாக வந்த இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கிறேன். நடுவில் பள்ளம் விழுந்துவிட்டதால், விடியுமுன்னே இடுப்பு வலியோடு விழித்துக்கொள்கிறேன். கல் போன்ற மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கடைக்காரர் சொல்வது பழைய நம்பிக்கை. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரிடம் நடத்தப்பட்டு, 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ளதே கூடுதல் நிவாரணம் தந்தது. கடையில் கையால் அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சப்படாமல், நீங்கள் வழக்கமாகப் படுக்கும் பக்கமாகவே பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். தோளும் இடுப்பும் சற்றே அமிழ்ந்து, முதுகெலும்பு வளையாமல் நேராக இருப்பதாக உடன் வந்தவர் பார்த்துச் சொன்னால், அந்த மெத்தை உங்களுக்குப் பொருந்தும்.

பாறைக் குன்றுகள் சூழ்ந்த நம் வேலூர்ப் பக்கத்தில், கத்திரி வெயில் நாட்களில் நள்ளிரவிலும் சுவர் சுடும் என்பதை நீங்களே அறிவீர்கள். உடலின் வடிவத்துக்கேற்ப அமிழும் மெமரி ஃபோம் மெத்தை உடல் சூட்டைப் பிடித்துவைக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள தென்னைநார் மெத்தையின்மேல் மெல்லிய லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அடுக்கு வைத்ததையே நான் தேர்ந்தெடுப்பேன். பணம் இடித்தால், பழைய பஞ்சைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, அடித்து, புது உறையில் தைத்து வாங்குங்கள், பள்ளம் போய்விடும்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மெத்தைக் கடைக்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள்.