பேர்ல் ஹார்பர் படப்புத்தகம்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றி ஒரு பெரிய படப்புத்தகம் கைக்கு வந்திருக்கிறது, ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள் என்று சொன்னது என் தப்புதான். ஒரே இரவில் இத்தனை கேள்விகள். நான் வரலாற்று வாத்தியார் இல்லை, பழைய போர்க்கப்பல் படங்களைச் சேர்த்து வைக்கும் கிறுக்கு உள்ளவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணா, எனக்கு சினிமாவில் பார்த்ததுதான் தெரியும். என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹவாய்த் தீவுகளில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படை நங்கூரமிட்டிருந்த துறைமுகத்தின் மேல் ஜப்பான் விமானங்கள் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து பாய்ந்தன. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள், இரண்டு அலைகளாக 350க்கும் மேற்பட்ட விமானங்கள். நவம்பர் 26ஆம் தேதியே ஜப்பானுக்கு வடக்கே குரில் தீவுகளில் ஒரு குளிர்ந்த விரிகுடாவிலிருந்து கிளம்பி, வானொலியில் மூச்சு விடாமல், வணிகக் கப்பல்கள் அதிகம் போகாத வட பசிபிக் வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அமெரிக்கத் தரப்பில் 2,403 பேர் செத்தார்கள், அதில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலில். ஜப்பான் இழந்தது 29 விமானங்களும் ஐந்து குட்டி நீர்மூழ்கிகளும்.

அட்டையில் இருக்கும் அந்த வானத்துப் படம், நடுவில் தீவு, பின்னால் தண்ணீர் பீறிட்டு எழுகிறதே, அதை எடுத்தது யார்? அமெரிக்க விமானமா?

நல்ல கேள்வி, ஏனென்றால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தாக்க வந்த ஜப்பான் விமானத்திலிருந்தே எடுத்த படம் அது. மூலப் பிரதியின் கீழ் ஓரத்தில் கடற்படை அமைச்சகத்தின் அனுமதியோடு அச்சிடப்பட்டது என்று ஜப்பானிய எழுத்தே இருக்கிறது. அடிப்பவன் அடித்துக்கொண்டே எடுத்த படம், அதனால்தான் அப்படி ஒரு அமைதி அதில்.

புத்தகம் கையில் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது ஃபோர்ட் தீவு. அதன் அந்தப் பக்கம் வரிசையாக நிற்பவை போர்க்கப்பல்கள். பீறிடும் தண்ணீர்த்தூண் வெஸ்ட் வர்ஜீனியா என்ற கப்பலில் டார்ப்பிடோ (தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் குண்டு) மோதியதால் வந்தது. அதற்கு வலப்பக்கத்தில் ஒக்லஹோமா ஏற்கெனவே சாய ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கம் யூட்டா என்ற பழைய பயிற்சிக் கப்பலும் சாய்கிறது. அப்புறம் கொஞ்சம் வலப்பக்கமாக, தூரத்தில் பாருங்கள், வட்ட வட்டமாக எண்ணெய்த் தொட்டிகள் தெரியும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒருவர் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

நெருப்புப் பந்து மாதிரி வெடிக்கும் படம் அரிசோனாவா?

இல்லை, அது ஷா என்ற சிறிய நாசகாரிக் கப்பல். மிதக்கும் பழுதுபார்ப்புத் தளத்தில் கிடந்தபோது அதன் முன்பக்க வெடிமருந்து அறை வெடித்தது. கீழே "அரிசோனா" என்று தலைப்புப் போட்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஷாவுக்குத் தற்காலிகமாக ஒரு மூக்கு ஒட்டி, அமெரிக்கக் கரைக்கு ஓட்டிப் போய், 1942லேயே மறுபடி போருக்கு அனுப்பிவிட்டார்கள்.

சார், நான் படித்த கட்டுரையில் துறைமுகம் வெறும் 12 மீட்டர் ஆழம் என்று இருந்தது. விமானத்திலிருந்து போடும் டார்ப்பிடோ சேற்றில் குத்தாதா?

குத்தும். அதுதான் அமெரிக்கர்களின் தைரியமே. குறைந்தது 75 அடி ஆழம் இருந்தால்தான் விமான டார்ப்பிடோ வேலை செய்யும் என்று நம்பினார்கள், இங்கே ஆழம் 40 அடி. அதனால் கப்பல்களைச் சுற்றி டார்ப்பிடோ வலைகூடக் கட்டவில்லை.

ஒரு டார்ப்பிடோவின் எடை 800 கிலோவுக்கு மேல். விமானத்திலிருந்து விழுந்ததும் கல் மாதிரி முதலில் கீழே போகும், அப்புறம்தான் மேலே வந்து நேராக ஓடும். அந்த முதல் முழுக்கு சாதாரணமாக 30 மீட்டர்வரைகூடப் போய்விடும். ஜப்பான்காரர்கள் செய்த வேலை, வாலில் மரத்தால் செய்த துடுப்புத் தகடுகளை மாட்டியது. காற்றில் விழும்போது டார்ப்பிடோ உருளாமல், மூக்கு கவிழாமல் அவை பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் பட்டவுடன் உடைந்து கழன்றுவிடும். ஒரு மரப்பலகை, அவ்வளவுதான் ரகசியம். கூடவே ஜப்பானின் ககோஷிமா விரிகுடாவில் மாதக்கணக்கில் பயிற்சி, ஊர்க்கூரைகளை உரசுவது போலத் தாழப் பறந்து தண்ணீர்மேல் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப்பக்கக் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறது, எனக்கு அந்த ஒரு பக்கத்துக்கே கொடுத்த காசு தீர்ந்துவிட்டது.

இதற்கு ஒரு வருடம் முன்னாலேயே ஒத்திகை நடந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1940 நவம்பரில் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில், இதே அளவு ஆழமற்ற தண்ணீரில், பிரிட்டன் 21 பழைய இரட்டை இறக்கை விமானங்களை மட்டும் அனுப்பி மூன்று போர்க்கப்பல்களைச் சாய்த்தது. அவர்களுடைய வித்தை வேறு, டார்ப்பிடோவின் மூக்கில் ஒரு கம்பிச் சுருளைக் கட்டி, அது குத்தாமல் வயிற்றால் விழும்படி இழுத்துப் பிடித்தார்கள். ஜப்பான் அதிகாரிகள் தாரந்தோவுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். செய்தி அமெரிக்காவுக்கும் தெரியும், ஆனால் நமக்கு நடக்காது என்ற எண்ணம்.

ரேடார் இருந்ததாமே? அப்புறம் எப்படி மாட்டினார்கள்?

இருந்தது, பார்க்கவும் செய்தது! தீவின் வட முனையில் ஒப்பானா என்ற மேட்டில் இரண்டு சிப்பாய்கள். ஏழு மணிக்கு வேலையை முடித்துக் கிளம்ப வேண்டியவர்கள், சாப்பாட்டு வண்டி வரத் தாமதமானதால் சும்மா இருக்கும் நேரத்தில் பழகலாமே என்று கருவியை ஓட விட்டிருந்தார்கள். 7:02க்குத் திரையில் அதுவரை பார்க்காத அளவு பெரிய கூட்டம். போன் போட்டுச் சொன்னார்கள். எதிர்முனையில் இருந்த இளம் அதிகாரிக்கு அந்த இருக்கையில் அது இரண்டாவது நாளோ என்னவோதான். அன்று காலை கலிஃபோர்னியாவிலிருந்து அவர்களுடைய சொந்த பி-17 குண்டுவீச்சு விமானங்கள் கிட்டத்தட்ட அதே திசையில் வர வேண்டியிருந்தது, அதுவாக இருக்கும், கவலைப்படாதீர்கள் என்றார்.

இதற்கு முன்னாலேயே துறைமுக வாசலில் வார்டு என்ற கப்பல் ஒரு குட்டி நீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்துத் தகவலும் அனுப்பியிருந்தது. மேலிடம் அதை உறுதிசெய்யக் காத்திருந்தது. (அந்த நீர்மூழ்கியின் சிதைவு 2002இல்தான் கடலடியில் கிடைத்தது. வார்டு கப்பல்காரர்கள் சொன்னது நிஜம் என்று 60 வருடம் கழித்துத் தெரிந்தது.) வாஷிங்டனிலிருந்து வந்த கடைசி எச்சரிக்கையோ ராணுவ வானொலி சரியாக எடுக்காததால் சாதாரணத் தந்தியாக வந்து, ஜப்பானிய வம்சாவளி இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் அதைத் தூக்கிக்கொண்டு குண்டு விழும் தெருவில் போனான். துப்பு எல்லாம் இருந்தது ஐயா, ஆளுக்கு ஒரு துண்டு.

அப்படியென்றால் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியும் என்று சொல்வது உண்மைதானே?

இந்தக் கேள்வி இல்லாமல் பேர்ல் ஹார்பர் பேச்சு முடிந்ததே கிடையாது. ஜப்பானின் தூதரகச் சங்கேதத்தை அமெரிக்கர்கள் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள், அது நிஜம். போர் வரப்போகிறது என்றும் தெரியும், நவம்பர் 27ஆம் தேதியே "இதைப் போர் எச்சரிக்கையாகக் கொள்ளவும்" என்று செய்தி அனுப்பினார்கள். ஆனால் அடி பிலிப்பைன்ஸிலோ மலாயாவிலோ விழும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தூதரகச் செய்திகளில் பேர்ல் ஹார்பரைத் தாக்கப்போகிறோம் என்ற வரி இல்லை, தங்கள் தூதருக்கே டோக்கியோ சொல்லவில்லை. என் கணக்கில் இது சதி இல்லை, மெத்தனம். ஹவாயில் உளவாளிகள் விமானங்களுக்குச் சேதம் செய்துவிடுவார்கள் என்று பயந்து, காவல் காக்க வசதியாக எல்லாவற்றையும் இறக்கையோடு இறக்கை இடிக்க வரிசையாக நிறுத்தினார்கள் பாருங்கள், மேலிருந்து சுடுபவனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

"உறங்கும் பூதத்தை எழுப்பிவிட்டோம்" என்று ஜப்பான் கடற்படைத் தளபதி யமமோட்டோ சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது, 1970இல் வந்த ஒரு சினிமாவின் வசனம் அது.

என் பையனுக்குப் பதினோரு வயது, கப்பல் என்றால் உயிர். வாங்கிக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள் அம்மா, குறுக்குவெட்டுப் படங்களில் ஒரு மாதம் விழுந்து கிடப்பான். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நீங்கள் கூட உட்கார்ந்து படியுங்கள். வெஸ்ட் வர்ஜீனியா கவிழாமல் நேராகத் தரைதட்டியது. அதன் அடியில் ஒரு அறையில் மூன்று மாலுமிகள் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்து தட்டும் சத்தம் மேலே காவல் நின்றவர்களுக்குக் கேட்டது, எட்ட வழியில்லை. 1942இல் கப்பலைத் தூக்கியபோது அந்த அறையில் ஒரு நாள்காட்டி கிடைத்தது. டிசம்பர் 7 முதல் 23 வரை ஒவ்வொரு தேதியும் அடிக்கப்பட்டிருந்தது. இதை இத்தனை வருடத்தில் பத்து தடவையாவது படித்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

கவிழ்ந்த ஒக்லஹோமாவில் வேறு கதை. தலைகீழாகக் கிடந்த அடிப்பகுதியைத் துளைத்து 32 பேரை உயிரோடு எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பையன் தாங்கிக்கொள்வான்.

உள்ளே இருக்கும் ஓவியங்களை நம்பலாமா?

எல்லாவற்றையும் நம்பாதீர்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளிது. ஜீரோ விமானத்தின் வயிற்றில் டார்ப்பிடோ தொங்கினால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம், ஜீரோ சண்டை விமானம், டார்ப்பிடோ தூக்கியது நகஜிமா பி5என். அடுத்தது, போர்க்கப்பல்கள் ஜோடி ஜோடியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். வெளிப்பக்கம் நின்ற வெஸ்ட் வர்ஜீனியாவும் ஒக்லஹோமாவும் டார்ப்பிடோவை எல்லாம் வாங்கிக்கொண்டன, உட்பக்கம் நின்ற டென்னசியும் மேரிலாந்தும் அதனால் தப்பின. சில ஓவியர்கள் அழகுக்காக எல்லாக் கப்பலையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் யார் ஏன் தப்பித்தார்கள் என்பதே புரியாமல் போய்விடும்.

புகைப்படத்திலும் கவனம் வேண்டும். 1943இல் அமெரிக்கக் கடற்படைக்காக எடுத்த ஒரு படத்தில் நிறைய காட்சிகளை ஸ்டுடியோவில் நடித்து எடுத்தார்கள், அதிலிருந்து வெட்டிய துண்டுகள் நிஜம் என்ற பெயரில் இன்றும் உலாவுகின்றன. கேமரா ரொம்பச் சரியான இடத்தில் நின்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவு செய்தும் ஜப்பான் தோற்றது எப்படி? தாக்கிய கப்பல்களின் தளபதி நாகுமோ மூன்றாவது அலையை அனுப்பியிருந்தால்?

அந்த எண்ணெய்த் தொட்டிகளுக்கு வந்துவிட்டோம். சுமார் 45 லட்சம் பீப்பாய் எண்ணெய், ஒன்றில்கூடக் குண்டு விழவில்லை. பழுதுபார்க்கும் பட்டறைகளும் நீர்மூழ்கித் தளமும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. விமானந்தாங்கிகள் ஒன்றுகூட அன்று துறைமுகத்தில் இல்லை: என்டர்பிரைஸ் வேக் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது, லெக்சிங்டன் மிட்வே தீவுக்கு விமானம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது, சரடோகா சான் டியாகோவில். நாகுமோ திரும்பிப் போனதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. அந்த விமானந்தாங்கிகள் எங்கே என்று அவருக்குத் தெரியாது, இரண்டாவது அலையிலேயே சேதம் கூடிவிட்டது, திரும்பி வரும் விமானங்கள் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். அவர் இடத்தில் நானும் வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

மூழ்கிய, அடிபட்ட எட்டுப் போர்க்கப்பல்களில் அரிசோனாவும் ஒக்லஹோமாவும் தவிர மற்ற ஆறும் மறுபடி போருக்கு வந்தன. ஆழமில்லாத துறைமுகம் என்பதால் தூக்க முடிந்தது, நடுக்கடலில் அடித்திருந்தால் போனது போனதுதான். தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளில் நான்கு அடுத்த ஜூனிலேயே மிட்வேயில் மூழ்கின.

நம் பக்கத்துக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா அண்ணா? நான் திருகோணமலை.

உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு தம்பி! இதே நாகுமோ, இந்த ஆறில் ஐந்து கப்பல்களோடு 1942 ஏப்ரலில் உங்கள் கடலுக்கு வந்தார். 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு கொழும்பு, 9ஆம் தேதி திருகோணமலை. மறுபடியும் ஞாயிறு காலையைத்தான் தேர்ந்தெடுத்தார், ஆனால் முந்தைய நாளே ஒரு கேட்டலினா ரோந்து விமானம் பார்த்துத் தகவல் கொடுத்துவிட்டதால் துறைமுகத்திலிருந்த பெரும்பாலான கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். இருந்தும் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது, இன்றும் அங்கே கடலடியில்தான் கிடக்கிறது. அந்த வாரத்தில்தான் சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டியது.

இன்னொன்று, பசிபிக் போரின் முதல் குண்டு ஹவாயில் விழவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் முன்பே மலாயாவின் கோட்டா பாருவில் ஜப்பான் படை கரை இறங்கிவிட்டது, அங்கே கடற்கரையில் எதிர்த்து நின்றது பிரிட்டிஷ் இந்தியப் படையின் டோக்ரா சிப்பாய்கள். ஹவாயில் 7ஆம் தேதி காலை, மலாயாவில் 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டிவிட்டது, தேதிக்கோட்டால் வரும் குழப்பம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் ஆட்கள் பின்னால் ஜப்பான் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துப் போகப்பட்டதெல்லாம் அந்தக் கரையிறக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. இந்தப் புத்தகத்தில் அதற்கு வரைபடத்தில் ஒரு சிவப்பு அம்பு மட்டும்தான் இருக்கிறது, அது எனக்குப் பெரிய குறை.

புத்தகத்தை இரவல் தருவீர்களா?

மாட்டேன். வீட்டுக்கு வாருங்கள், பூதக்கண்ணாடியோடு தருகிறேன், இங்கேயே உட்கார்ந்து பாருங்கள்.